தை பிறந்தால் மனச்சோர்வு தீருமா?

காரைக்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது. ஐப்பசி கடைசியில் மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தோம். ஆறு வாரமாகியும் பாதிதான் தெளிந்திருக்கிறார். போன பங்குனியில் இதே சிகிச்சை எடுத்த மாமா இரண்டே மாதத்தில் கடைக்குப் போய்விட்டார். மழைக்காலம்தான் காரணமா, பெண் என்பதாலா? தை பிறந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?"

நிறுத்த வேண்டாம். முழுதாகத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதுதான் வழக்கம். ஆறு வாரத்தில் பாதி என்றால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரம் இது.

குளிர்கால மனச்சோர்வை 1984இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் விவரித்தார்கள். அங்கே வாஷிங்டன் பக்கம் மார்கழிப் பகல் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். நம் காரைக்குடியிலோ வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். வெளிச்சக் குறைவின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. மழை வேறு வழியில் படுத்தும்: நடை நின்றுபோகும், தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள், அத்தனை பெரிய வீட்டில் அம்மா உள்ளே இரண்டாம் கட்டோடு முடங்கிவிடுவார். மழை விட்ட காலைகளில் வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) வெளிச்சம் விழும் இடத்தில் அரை மணி நேரம் உட்காரட்டும். ஊருணிக் கரை வரை நடந்தால் இன்னும் நல்லது.

 

பெண்களுக்கு மனச்சோர்வு வருவது ஆண்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அது வருவதைப் பற்றிய கணக்கு; சிகிச்சையில் தேறுவதில் அத்தனை பெரிய இடைவெளி இல்லை. அம்மாவுக்குத் தைராய்டு, ரத்தசோகை பார்த்தாயிற்றா? மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தூக்கக் கோளாறு இருக்கிறதா? அப்புறம், காய்ச்சல் வந்தால் படுக்கவிடும் வீடு, மனச்சோர்வுக்கும் அடுப்படியிலிருந்து ஓய்வு தந்ததா? இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

"இருந்து என்ன பயன்" என்பதுபோல அவர் பேசினால் அடுத்த சந்திப்புவரை காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கடைக்குப் போவதை வைத்து மட்டும் மாமா தேறிவிட்டார் என்றும் எண்ண வேண்டாம். ஆண்களிடம் சோர்வு எரிச்சலாகவும் குடியாகவும் ஒளிந்திருக்கும். அவர் தூக்கம் எப்படி என்று அத்தையிடம் விசாரியுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தியிருந்தால், அம்மாவோடு அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.