வீட்டில் செய்த மர அறுப்பு மெஷினுக்கு ஹைட்ராலிக் பொருத்தலாமா?

கேள்வி: செங்குன்றத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ட்ரெய்லரில் இழுத்துப் போகிற மாதிரி பேண்ட் சா (பட்டை ரம்பம்) ஒன்றை நானே செய்தேன், 13 எச்.பி. பெட்ரோல் இன்ஜின். புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி, வேப்ப மரங்களை அந்தந்த இடத்துக்கே போய் அறுத்துக் கொடுக்கிறேன். கட்டையை மேலே ஏற்றவும் புரட்டவும்தான் நாலு ஆள் தேவைப்படுகிறது. அதை ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், செய்யலாம் என்று நினைக்கிறேன். புதுப்பேட்டையில் பழைய டிப்பர் லாரி பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. அதை இதே இன்ஜினில் பெல்ட் போட்டு ஓட்டலாமா? ரம்பத்தை ஏற்றி இறக்குவதையும் ஹைட்ராலிக் ஆக்கலாமா?

பதில்: ஹைட்ராலிக் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அந்த டிப்பர் பம்ப் வேண்டாம். அது லாரியின் பெரிய டீசல் இன்ஜினை நம்பிச் செய்த பம்ப். ஒரு சுற்றுக்கு 50 சிசி என்று வைத்தாலும் 1500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 75 லிட்டர் தள்ளும். 140 பார் அழுத்தத்தில் அதற்கு 23 எச்.பி.க்கு மேல் வேண்டும். லோடு ஏறியதும் உங்கள் இன்ஜின் நின்றுவிடும்.

மலிவாகக் கிடைத்த பம்ப்பை வைத்து மற்றதைத் தீர்மானிக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய உண்டு. கணக்கைக் கட்டையிலிருந்து தொடங்குங்கள். இரண்டடி விட்டம், பத்தடி நீளமுள்ள பச்சைக் கட்டைக்கு 800 கிலோ என்று வையுங்கள். தூக்கும் கை 90 செ.மீ. நீளம், சிலிண்டர் பிவட்டிலிருந்து (கை திரும்பும் அச்சிலிருந்து) 25 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறது என்றால், சிலிண்டருக்கு வரும் சுமை 3.6 மடங்கு, அதாவது சுமார் 2,900 கிலோ. அதுவும் சிலிண்டர் கைக்குச் செங்குத்தாகத் தள்ளும்போதுதான். தொடக்கத்தில் அது 45 டிகிரி சாய்ந்திருந்தால் சுமை 4,100 கிலோவைத் தொடும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் போதாத சிலிண்டரை வாங்கிவிடுகிறார்கள்.

50 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டர் ஒன்று 140 பாரில் சுமார் 2,800 கிலோ தள்ளும். இரண்டு போட்டால் போதும், கையிருப்பும் இருக்கும். ஆனால் ஒரே லைனில் இணைத்த இரண்டு சிலிண்டர்கள் தாமாகச் சேர்ந்து நகராது. சுமை குறைந்த பக்கம் முந்திக்கொள்ளும், கட்டை கோணலாக ஏறும். அதனால் இரண்டு தூக்கும் கைகளையும் கனமான ஒரே பைப்பில் வெல்டிங் செய்துவிடுங்கள். கட்டை ஏறும் பக்கம் ட்ரெய்லருக்கு ஸ்க்ரூ ஜாக் ஊன்றாமல் லீவரைத் தொடாதீர்கள், வண்டியே சாயும்.

பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் சிலிண்டரின் 40 செ.மீ. ஸ்ட்ரோக் (தள்ளும் நீளம்) பத்து விநாடிக்குள் முடியும். இந்த வேலைக்கு அதைவிட வேகம் ஆபத்து. விரயத்தையும் சேர்த்து நாலு எச்.பி. போதும். 3 முதல் 3.5 சிசி கியர் பம்ப், 3000 ஆர்பிஎம், அதற்கென 6 எச்.பி. அளவில் தனி பெட்ரோல் இன்ஜின்: இதுதான் என் சிபாரிசு. ரம்ப இன்ஜின், ரம்பம் பொருத்திய தலையோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடுகிறது. அதில் பம்ப்பை மாட்டினால் ஹோஸ்களையும் கூடவே இழுக்க வேண்டும். தனி செட் என்றால் ட்ரெய்லர் சட்டத்திலேயே அசையாமல் உட்காரும். பெல்ட்டும் கூடாது. சாதாரண கியர் பம்ப்பின் ஷாஃப்ட் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது, புஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும். பெல் ஹவுசிங் (இன்ஜினையும் பம்ப்பையும் இணைக்கும் கூடு) வைத்து நேராக கப்ளிங் போடுங்கள். பம்ப் வாங்கும்போது சுற்றும் திசையையும் சொல்லி வாங்குங்கள்.

கட்டையைப் புரட்டும் கைக்கு இதே வால்வு பிளாக்கில் இன்னொரு லீவர் போதும். அப்புறம் ரம்பத்தை ஏற்றி இறக்குவது. அதை ஸ்க்ரூவிலேயே விட்டுவிடுங்கள். லீவரால் இயக்கும் ஸ்பூல் வால்வில் எண்ணெய் கொஞ்சமாவது கசியும். அறுத்துக்கொண்டே போகையில் தலை ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பலகை ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெலிசாகவும் வரும். உங்களிடம் மரம் அறுக்கக் கொடுப்பவர் காசு கொடுப்பதே சீரான பலகைக்குத்தான். கை வலிக்கிறது என்றால் ஸ்க்ரூவுக்கு ஒரு மோட்டார் வையுங்கள்.

ஹோஸ் 3/8 இன்ச், இரட்டைக் கம்பி வலை உள்ளது. ஜி.ஐ. பைப் வேண்டாம், துத்தநாகப் பூச்சு உரிந்து எண்ணெயில் கலக்கும். டேங்க் 30 லிட்டர் இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் எண்ணெய் சரி. ரிட்டர்ன் லைனில் ஃபில்டரும் டேங்க் மூடியில், காற்று வந்துபோகும் பிரீதர் ஃபில்டரும் கட்டாயம், மரத்தூள் எங்கும் புகும். ஐப்பசி மழையில் வேலை செய்த பிறகு எண்ணெயைப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும்.

இரண்டு விஷயங்களில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒன்று, ரிலீஃப் வால்வும் (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடுவது) பிரஷர் கேஜும். ரிலீஃபை முழுக்கத் தளர்த்தி வைத்து ஓட்ட ஆரம்பித்து, கேஜைப் பார்த்துக்கொண்டே 140 பாருக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, தூக்கும் சிலிண்டர்களுக்கு கவுன்டர்பேலன்ஸ் வால்வு (சுமை தானாக இறங்காமல் எண்ணெயைப் பிடித்து வைப்பது). அதை லீவர் பக்கம் வைத்தால் பயனில்லை, ஒவ்வொரு சிலிண்டரின் போர்ட்டிலேயே மாட்ட வேண்டும். அப்போதுதான் ஹோஸ் வெடித்தாலும் கட்டை அந்தரத்தில் நிற்கும். அப்படியே நின்றாலும் அதன் கீழே யாரும் போகக்கூடாது.

கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அப்படி நடந்தால் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லி, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.