ஜனவரி இறுதியும் மூன்று விண்கல விபத்துகளும்

கேள்வி: நாசாவின் மூன்று பெரிய விபத்துகளும் ஜனவரி மாதக் கடைசியை ஒட்டியே நடந்திருக்கின்றன என்கிறார்களே, அந்த வாரமே ராசியில்லாததா, அல்லது தற்செயலா? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: தேதிகள் சரியானவையே. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1, 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம், 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் என ஆறே நாள்களுக்குள் அடங்கிவிடும் இந்த மூன்று விபத்துகளிலும் சேர்த்து 17 பேர் உயிரிழந்தனர். ஆனால் பழியை நாள்காட்டியின் மீது போட்டுவிட முடியாது. சேலஞ்சர் ஜனவரி 22 அன்றே புறப்படுவதாக இருந்து தள்ளிப்போனது. கொலம்பியாவின் பயணமோ இரண்டு ஆண்டுகளாகப் பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. பருவத்துக்குப் பங்கு இருந்தது என்றால் அது சேலஞ்சரில் மட்டுமே.

அன்று காலை ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கும் அளவுக்குக் குளிர். அந்தக் குளிரில் பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தும் அது ஏற்கப்படவில்லை. புறப்பட்ட 73ஆவது விநாடியில் ஓடம் சிதறியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மேன், அந்த ரப்பரின் துண்டொன்றைச் சிறு இடுக்கியில் நெருக்கி, தம் முன்னிருந்த பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுத்து, இடுக்கியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்பதைத் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்பாகவே காட்டினார். பல நூறு பக்க அறிக்கையைவிட அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் மக்கள் மனத்தில் நின்றது.

மூன்றுக்கும் உண்மையான ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. ஆபத்து முன்பே தெரிந்திருந்தும், ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்ற தைரியத்தில் அது பழகிப்போயிருந்தது. அப்போலோ 1 தரையில் நிகழ்ந்த ஒத்திகை. ராக்கெட்டில் எரிபொருளே இல்லாததால் ஆபத்தற்ற சோதனை என்றே கருதப்பட்டது. கலத்துக்குள் அடைத்திருந்த தூய ஆக்சிஜன் முந்தைய பயணங்களில் தொல்லை தராதது. தீப்பிடித்ததும் உள்ளழுத்தம் ஏற, உட்பக்கமாகத் திறக்க வேண்டிய கதவை கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி ஆகிய மூவராலும் திறக்க முடியவில்லை. அதன்பின் கதவு வெளிப்பக்கம் விரைவாகத் திறக்கும்படி மாற்றப்பட்டது. சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களிலும் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. கொலம்பியாவுக்கு முன்பும் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக் காப்புத் துண்டுகள் பெயர்ந்து விழுந்ததுண்டு.

கொலம்பியா 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82ஆவது விநாடியில், முக்கால் கிலோ எடையுள்ள அத்தகைய துண்டொன்று இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலாளர்கள் ஏற்கவில்லை. திரும்பும் வழியில், தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடங்களே இருந்தபோது, டெக்சாஸ் வானில் ஓடம் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா மாண்டது இதில்தான். 1997இல் அவரை முதன்முதலாக விண்ணுக்குக் கொண்டுசென்றதும் இதே கொலம்பியாதான்.

தேதிகளின் நெருக்கம் கொலம்பியாவில் சென்ற எழுவருக்கும் தெரியாததன்று. ஜனவரி 28 அன்று, சுற்றுப்பாதையில் இருந்தபடியே அவர்கள் அப்போலோ 1, சேலஞ்சர் வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தினர். இறக்கை அடிபட்டு அப்போது 12 நாள்கள் ஆகியிருந்தன.