சொக்கெட்டில் எழுதும்போது பஃபர் நிறைந்தால்: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி, அறிவியல் நகர்): ஐயா, குளத்து நீர்மட்டம் அளக்கும் கருவியிலிருந்து லினக்ஸில் ரி.சி.பி. (மறுமுனையின் ஒப்புகையோடு தரவு அனுப்பும் வலையமைப்பு முறை) வழியாகத் தரவு அனுப்புகிறோம். சொக்கெட் (நிரல் வலையமைப்போடு பேசும் வாயில்) நொன்புளொக்கிங் முறையில், அதாவது அழைப்பு காத்திருக்காமல் உடனே திரும்பும் முறையில், உள்ளது. 64 கிலோபைற்றை ஒரே சென்ட் அழைப்பில் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் சேர்வருக்குப் பாதிதான் சென்றது.

பதில்: சென்ட் திருப்பித் தரும் எண்ணை உங்கள் நிரல் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கேர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அனுப்பும் பஃபரில் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவிடம்) எத்தனை பைற் நகலெடுக்கப்பட்டது என்பதையே அந்த எண் சொல்கிறது. அது நீங்கள் கொடுத்த அளவிலும் குறைவாக இருக்கலாம். மீதியை வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்து அனுப்புவது உங்கள் பொறுப்பு. இடமே இல்லாவிட்டால் ஈஅகெய்ன், அதாவது 'பிறகு முயலுங்கள்' என்னும் பிழைக்குறி, வரும். அதைக் கண்டு இணைப்பை மூடிவிடக் கூடாது. பஃபரில் இன்னும் அனுப்பப்படாத தரவு மட்டுமன்றி, அனுப்பப்பட்டும் மறுமுனை ஒப்புகை தராத தரவும் தங்கியிருப்பதால், கைபேசிச் சமிக்ஞை பலவீனமான இடங்களில் அது விரைவில் நிறைந்துவிடும்.

கேள்வி (வவுனியா): ஈஅகெய்ன் வந்தால் சுற்றுக்குள் மீண்டும் மீண்டும் அழைக்கிறேன். சி.பி.யு. 100 வீதத்தில் நிற்கிறது.

பதில்: ஈபோலிடம் (சொக்கெட் தயாரானதும் நிரலை எழுப்பும் லினக்ஸ் வசதி) எழுதும் தயார்நிலையைக் கேட்டுக் காத்திருங்கள். அனுப்ப மீதி இருக்கும்போது மட்டும் அதைப் பதிவு செய்து, மீதி தீர்ந்தவுடன் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால், வழக்கமான முறையில், பஃபரில் இடமுள்ள வரை ஈபோல் உங்களை ஓயாமல் எழுப்பி, அதே தொல்லையைத் தரும்.

கேள்வி (மாங்குளம்): பஃபரைப் பெரிதாக்கினால் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. வினாடிக்கு 10 மெகாபிற் வேகமும் 200 மில்லிசெக்கன் சுற்றுநேரமும் (தரவு போய் ஒப்புகை திரும்பும் நேரம்) உள்ள இணைப்பை நிரப்ப 250 கிலோபைற் போதும், லினக்ஸோ வழக்கமாக 16 கிலோபைற்றில் தொடங்கி, தேவைக்கேற்ப 4 மெகாபைற் வரை தானாகவே வளர்த்துக்கொள்கிறது. நீங்கள் கையால் ஓர் அளவைக் குறித்தால், கேர்னல் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளும், ஆனால் தானியங்கி வளர்ச்சி நின்றுவிடும். வாய்க்கால் ஒடுக்கமாக இருக்கையில் குளக்கட்டை உயர்த்துவதால் வயலுக்குத் தண்ணீர் விரைவாகப் போகாது. உங்கள் நிரலில் அனுப்பக் காத்திருக்கும் அளவீடுகளின் வரிசைக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். அது நிறைந்தால் வாசிப்பைத் தாமதிப்பதா, பழைய அளவீட்டைக் கைவிடுவதா என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். நீர்மட்டத்துக்கு நான் இரண்டாவதையே தேர்வேன். பணக் கணக்குக்கு ஒருபோதும் தேரமாட்டேன். கைவிடும்போது முழு அளவீடாகவே கைவிட வேண்டும், ஏனெனில் பாதி அனுப்பப்பட்டதன் மறுபாதியை எறிந்தால் சேர்வர் அடுத்த செய்தியின் தொடக்கத்தைக் கண்டுகொள்ளாது.

கேள்வி (முல்லைத்தீவு): எல்லாம் ஏற்கப்பட்டதாக எண் வந்த பின்னரும் தரவு தொலைந்தது.

பதில்: கேர்னல் ஏற்றதே தவிர, சேர்வர் பெறவில்லை. இணைப்பு அறுந்தால் பஃபரில் உள்ளவை போய்விடும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் தொடர் இலக்கம் இட்டு, சேர்வரின் நிரலே பதில் அனுப்பும் வரை உங்கள் பிரதியை அழிக்காதீர்கள். அறுந்ததை உணரவும் லினக்ஸ் வழக்கமாக ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும், ரி.சி.பி. யூசர் ரைம்அவுற் தெரிவால் அதைக் குறைக்கலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): ஒப்புகையின்றித் தனித்தனிச் செய்திகளாக அனுப்பும் யு.டி.பி.யிலும் பாதி எழுதப்படுமா?

பதில்: இல்லை. செய்தி முழுதாக ஏற்கப்படும், அல்லது பிழை வரும். இணைய நெறிமுறையின் 4ஆம் பதிப்பான ஐ.பி. 4இல் ஒரு செய்தியில் 65,507 பைற்றுக்கு மேல் வைக்க முடியாது.