இன்டர்னலில் 6 மார்க் கூடியது புது முறையாலா?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். ஏ, பி என்று இரண்டு பிரிவுகள், தலா 60 பேர். இந்தப் பருவத்தில் ஏ பிரிவில் மட்டும் விரிவுரையைக் குறைத்து, கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துப் பதில் சொல்ல வைத்தேன். முதல் இன்டர்னலில் ஏ பிரிவின் சராசரி பி-யைவிட 6 மார்க் கூடுதல். இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். முறை நல்ல முறைதான், கையில் இருக்கும் ஆதாரம்தான் போதாது.

முதலில், ஏ பிரிவில் இருப்பவர்கள் யார்? சேர்க்கை வரிசைப்படி பிரிவு ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு. கவுன்சலிங்கில் முதலில் வந்தவர்கள் ஏ, கடைசியில் சேர்ந்தவர்கள் பி. உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் என்றால், நீங்கள் வகுப்புக்குள் நுழையும் முன்பே அந்த 6 மார்க் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அப்புறம், கேள்வித்தாள் எடுத்ததும் நீங்கள், முக்கியமான கேள்விகளைச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள், திருத்தியதும் நீங்கள். நமக்குப் பிடித்த பிரிவின் விடைத்தாள் வந்தால் சிவப்புப் பேனா கொஞ்சம் தாராளமாகிவிடும். என் பேனாவும் அப்படித்தான்.

இன்டர்னல் மார்க் எதைக் காட்டுகிறது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூருக்கு நல்ல வாத்தியார் என்ற பெயர் இருந்தது. மாணவர்களும் கணக்குகளைச் சரியாகவே போட்டார்கள். அரிசோனாவில் ஹலூன், ஹெஸ்டனஸ் இருவரும் உருவாக்கிய, கணக்கில்லாமல் அடிப்படைக் கருத்து புரிந்ததா என்று மட்டும் பார்க்கும் எளிய தேர்வை 1990-இல் தன் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதை எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம். கணக்குப் போடத் தெரிந்த பலருக்கே அடிப்படைக் கருத்து புரியவில்லை என்ற முடிவு மசூரை உலுக்கிவிட்டது. நீங்கள் செய்து பார்க்கும் 'பக்கத்தில் இருப்பவரோடு பேசு' முறையை அதற்குப் பிறகுதான் அவர் வளர்த்தெடுத்தார்.

அந்தத் தேர்வின் வழியில் 1992-இல் வந்ததுதான், விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி'. அதில் ஒரு கேள்வி: பெரிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? இரண்டும் சம விசைதான் செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளே லாரி என்று டிக் அடிப்பார்கள். உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் எடுப்பது இயக்கவியல் என்றால் அந்தத் தேர்வையே பயன்படுத்தலாம். 'ஃபிஸ்போர்ட்' தளத்தில் ஆசிரியர் என்று உறுதிசெய்தால் இலவசமாகக் கிடைக்கும். லேசர், அலைகள் என்றால் கணக்கே இல்லாத பத்துக் கேள்விகளை நீங்களே தயாரியுங்கள். தவறான விடைகளை யோசித்து எழுதாதீர்கள். பழைய விடைத்தாள்களில் பிள்ளைகள் எழுதிய தவறுகளையே எடுத்துப் போடுங்கள். அலகு தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை, இரண்டு பிரிவுக்கும் அதே தாள்.

பிறகு மார்க் வித்தியாசத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. முன்தேர்வில் சராசரி 40 சதவீதம், பின்தேர்வில் 58 என்று வைத்துக்கொள்வோம். ஏறக்கூடியது 60, ஏறியது 18. 18-ஐ 60-ஆல் வகுத்தால் 0.30. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 இயற்பியல் வகுப்புகளை இப்படிக் கணக்கிட்டார்: வெறும் விரிவுரை வகுப்புகளுக்குச் சராசரி 0.23, மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளுக்கு 0.48.

பிரிவு பேதத்தைச் சமாளிக்க எளிய வழி, மாற்றிப் போடுவது. இரண்டாம் அலகில் ஏ-க்கு விவாதம், பி-க்கு விரிவுரை. மூன்றாம் அலகில் தலைகீழ். விவாதம் எங்கே போனாலும் ஏற்றமும் கூடவே போகிறதா என்று பாருங்கள். பி பிரிவுக்கு அநியாயம் செய்த உறுத்தலும் இருக்காது.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் அறுபது தலையும் ஆடும், அதை நம்ப வேண்டாம். கடைசி இரண்டு நிமிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, எது இன்னும் குழப்பம் என்று பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை நான் பிரமாதமாக நடத்தியதாக நினைத்த வகுப்பில், பாதிச் சீட்டுகளில் இருந்தது ஒரே வரி: "அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது?" பருவ இறுதிக் கருத்துப் படிவத்தையும் தனி ஆதாரமாக்காதீர்கள். ஹார்வர்டில் 2019-இல் வெளியான ஆய்வில், ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

அனுமதி கட்டாயம் வேண்டும். வெளியிடும் எண்ணம் இருந்தால் தகவல் சேர்க்கும் முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போங்கள். முடித்துவிட்டுக் கேட்டால் கையெழுத்துக் கிடைப்பது கஷ்டம். மறுத்தால் மார்க் குறையாது என்று மாணவர்களுக்கு எழுதியே கொடுங்கள். சம்மதப் படிவங்களை வேறொரு ஆசிரியர் வாங்கி, மதிப்பெண் வெளியாகும்வரை அவரே வைத்திருக்கட்டும். தேர்வுத் தாளில் பெயருக்குப் பதில் மாணவரே உருவாக்கும் குறியீடு போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, கைபேசியின் கடைசி இரண்டு எண்கள். அதை வைத்து இரண்டு தாள்களையும் சேர்த்துவிடலாம்.

'ஜர்னல் ஆஃப் இன்ஜினியரிங் எஜுகேஷன் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' மாதிரி இந்தியாவிலேயே இதற்கான இதழ் இருக்கிறது. பணம் கட்டினால் பத்தே நாளில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புபவர்கள் பக்கம் போகாதீர்கள். இப்போதைக்கு அந்த 6 மார்க்கை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். குழுவின் அனுமதி கையில் வந்ததும், அடுத்த அலகின் முதல் வகுப்பில், பாடத்தைத் தொடங்கும் முன்பே முன்தேர்வை வைத்துவிடுங்கள்.