ரெப்ளிகாவில் மட்டும் ஒரு கூடுதல் நெடுவரிசை: 1677 பிழை வந்தால் என்ன செய்வது?

கேள்வி: மைஎஸ்க்யூஎல் பிரைமரியில் (மாற்றங்கள் முதலில் எழுதப்படும் முதன்மை சர்வர்) எங்கள் ஆர்டர் டேபிளுக்கு 6 நெடுவரிசைகள். ரிப்போர்ட்டுக்காக ரெப்ளிகாவில் (பிரைமரியின் நகல் சர்வர்) மட்டும் 4-வது இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தோம். உடனே 1677 பிழை காட்டி ரெப்ளிகேஷன் நின்றுவிட்டது. அந்த டிரான்ஸாக்‌ஷனை ஸ்கிப் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த டேபிளுக்கு அடுத்த மாற்றம் வந்ததும் மறுபடி நிற்கும், நீங்கள் ஸ்கிப் செய்ததெல்லாம் ரெப்ளிகாவில் இல்லாமலே போயிருக்கும்.

ரோ முறை ரெப்ளிகேஷனில் (மாறிய ரோக்களின் மதிப்புகளையே ரெப்ளிகாவுக்கு அனுப்பும் முறை) மைஎஸ்க்யூஎல் நெடுவரிசையின் பெயரைப் பார்ப்பதில்லை, எத்தனையாவது இடம் என்று மட்டும்தான் பார்க்கிறது (போஸ்ட்கிரெஸ் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் பெயரை வைத்துப் பொருத்தும், அங்கே வரிசை மாறினாலும் கவலையில்லை). பிரைமரியின் 4-வது மதிப்பு உங்கள் புது நெடுவரிசையில் போய் உட்காரப் பார்த்தது, டேட்டா டைப் ஒத்துப்போகாததால் நின்றது. பிழைச் செய்தியில் 3 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது 0-விலிருந்து எண்ணுகிறது. உண்மையில் நின்றதே நல்லது. டைப்கள் தற்செயலாக ஒத்துப்போயிருந்தால் எந்தப் பிழையும் காட்டாமல் ஒன்றின் மதிப்பு இன்னொன்றில் ஏறிக்கொண்டே இருந்திருக்கும், யாராவது ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்கும்வரை தெரிந்திருக்காது.

சரி, கூடுதல் நெடுவரிசை கடைசியில் இருக்க வேண்டும், அதற்கு டிஃபால்ட் மதிப்பும் இருக்க வேண்டும். ரெப்ளிகாவில் ஆல்டர் டேபிள், மாடிஃபை, ஆஃப்டர் (எந்த நெடுவரிசைக்குப் பின்னால் என்று சொல்வது) போட்டு அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள். மாடிஃபை செய்யும்போது டைப், டிஃபால்ட் எல்லாவற்றையும் முழுதாக மறுபடி எழுதாவிட்டால் பழையது போய்விடும். ஜிடிஐடி (ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்குமான தனி அடையாள எண்) பயன்படுத்தினால் முதலில் அந்த செஷனில் எஸ்க்யூஎல்_லாக்_பின்னை (மாற்றங்களை பைனரி லாகில் பதியலாமா என்று சொல்லும் அமைப்பு) 0 ஆக்குங்கள், இல்லையென்றால் பிரைமரிக்குத் தெரியாத ஒரு ஜிடிஐடி ரெப்ளிகாவில் முளைத்து, ஃபெயில்ஓவர் நாளில் (ரெப்ளிகாவையே பிரைமரியாக்கும்போது) தலைவலி கொடுக்கும். அப்புறம் ரெப்ளிகேஷனைத் தொடங்கினால் நின்ற இடத்திலிருந்தே ஓடும்.

இதோடு முடியவில்லை. நாளைக்கு பிரைமரியில் யாராவது ஒரு நெடுவரிசை சேர்த்தால், அதே ஆல்டர் ரெப்ளிகாவுக்கும் வந்து உங்கள் கூடுதல் நெடுவரிசைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், பழையபடி இடம் பிசகும். பிரைமரியில் ஒவ்வொரு முறையும் ஆஃப்டர் போட்டே சேர்க்க வேண்டும், ஆனால் எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நான் நம்ப மாட்டேன். அதனால் அந்தத் தகவலை ரெப்ளிகாவில் தனி டேபிளில், ஆர்டர் எண்ணையே பிரைமரி கீயாக வைத்துப் போட்டு, ரிப்போர்ட்டில் ஜாயின் செய்துகொள்ளுங்கள். அதை நிரப்ப டிரிகரை (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்) நம்பாதீர்கள், ரோ முறையில் வரும் மாற்றங்களுக்கு ரெப்ளிகாவில் டிரிகர் ஓடாது. ஷெட்யூல் போட்ட ஒரு ஸ்கிரிப்ட் போதும்.