அம்மாவுக்குப் பட்டன் போனா, நடுத்தர ஸ்மார்ட் போனா?

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் அம்மா, கனடாவில் பேரப்பிள்ளைகள், கையில் பழைய பட்டன் போன், அதற்குப் பதிலாகப் புதிய பட்டன் போனே வாங்கிக் கொடுப்பதா அல்லது ஸ்மார்ட் போனா என்று கேட்டிருந்தீர்கள்.

பிள்ளைகளின் முகம் பார்த்துக் கதைக்க வேண்டுமென்றால் ஸ்மார்ட் போன்தான். ஆனால் கடையில் இருக்கும் ஆகக் குறைந்த விலைப் போனை மட்டும் வாங்கிவிடாதீர்கள். 2 ஜிபி ரேம் உள்ளவற்றில் வாட்ஸ்அப் அழைப்பு வந்து திரை விழிக்கும் முன்பே மணி நின்றுவிடலாம். தன் கைதான் பிழை என்று அம்மா நினைத்துக்கொள்வார், பாவம். 6 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, நல்ல சத்தமான ஸ்பீக்கர் இருந்தால் போதும். கமெராவின் மெகாபிக்சல் கணக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம், பழைய பட்டன் போனை எறிந்துவிடாதீர்கள். ஒரு சார்ஜில் சில நாட்கள் தாங்கும், விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வங்கிக்குக் கொடுத்த இலக்கத்தின் சிம்மை அதிலேயே விடுங்கள். ஓடிபி, அதாவது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கம், அங்கே வந்தால், ஸ்மார்ட் போனில் தெரியாத லிங்க்கை அம்மா அமத்தினாலும் ஆபத்து குறையும். அதிலும், அந்த ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

புறக்கோட்டையில் விலை குறைவாகச் சொன்னாலும், காசு கொடுக்கும் முன் *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளமான ஐஎம்இஐ இலக்கத்தை எடுங்கள். IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இலங்கைத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.