ஹார்னஸ் போட்டதும் பூனை சாய்ந்து விழுகிறதே?

கேள்வி: எங்கள் பூனை ஆண், இரண்டு வயது, நாட்டு ரகம். கருத்தடை ஆபரேஷன் செய்தாகிவிட்டது. குட்டியிலிருந்தே வேளச்சேரியில் எங்கள் மூன்றாவது மாடி பிளாட்டுக்குள்தான் வளர்கிறான். கொஞ்ச நாளாக வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறான். ஆன்லைனில் ஒரு ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கி மாட்டினேன். மாட்டியதும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து அசையாமல் கிடந்தான். பயந்து கழற்றிவிட்டேன். கீழே தெருநாய்களும் இருக்கின்றன. இவனை வெளியே நடக்கப் பழக்க முடியுமா? பழக்கலாமா?

பதில்: சாய்ந்து விழுந்ததை நினைத்துக் கவலைப்படாதீர்கள். முதன்முதலாக ஹார்னஸ் மாட்டும்போது நிறைய பூனைகள் இப்படித்தான் செய்யும். முதுகிலும் விலாவிலும் ஏதோ அழுத்துகிறது என்று தெரிந்ததும் சில பூனைகள் வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு தவழும், சில பின்பக்கமாகவே நடக்கும், சில அப்படியே சாய்ந்துவிடும். வலியால் அல்ல, கால் விளங்காமல் போனதாலும் அல்ல. ஆனால் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று அப்படியே கிடக்கவிட்டிருந்தால், அடுத்த முறை ஹார்னஸைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போயிருப்பான். கழற்றியது சரிதான்.

பழக்க முடியுமா என்றால், முடியும். பழக்கலாமா என்பது அவன் சுபாவத்தைப் பொறுத்தது. வீட்டுக்குப் புது ஆள் வந்தால் செருப்பையும் பையையும் மோந்து பார்க்க வருகிற பூனையா, காலிங் பெல் அடித்ததுமே பீரோ மேல் ஏறுகிற பூனையா? இரண்டாவது ரகமென்றால் வெளியே கொண்டுபோவது அவனுக்குத் தண்டனைதான். அதோடு, கதவருகே கத்துகிற பூனை எல்லாமே வெளியே போகத்தான் கத்துகிறது என்று நினைக்க வேண்டாம். விடியற்காலையும் பொழுது சாய்கிற நேரமும் பூனைக்கு வேட்டை நேரம். அந்த இரண்டு வேளையும் குச்சியில் கட்டிய இறகையோ கயிற்றையோ துரத்தவிட்டுப் பத்து நிமிடம் நன்றாக ஓடவையுங்கள், முடிந்ததும் சாப்பாடு வையுங்கள். ஒரு வாரத்தில் கத்தல் அடங்கிவிட்டால் அவன் கேட்டது வெளியுலகத்தை அல்ல, வேலையை. அப்போது ஹார்னஸுக்கே அவசியம் இல்லை.

அதற்குப் பிறகும் கேட்கிறான், ஆர்வமுள்ளவன்தான் என்றால் ஆரம்பிக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லீஷில் (நாம் கையில் பிடிக்கும் கயிற்றில்) கட்டிய நாய் முன்னால் இழுக்கும், பயந்த பூனை பின்னால் போகும். பூனையின் தோள் பக்கத்துக் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு மூட்டாக இணையாமல் தசைக்குள் மிதக்கிறது. அதனால் தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை ஒடுக்கி, பின்பக்கமாக ஒரே உருவு. கண் சிமிட்டும் நேரத்தில் ஹார்னஸ் மட்டும் உங்கள் கையில் இருக்கும். நாங்கள் சொல்கிற எல்லா எச்சரிக்கைகளும் இந்த ஒரு நொடியை நினைத்துத்தான்.

எனவே கழுத்துப் பட்டையில் லீஷ் மாட்டவே கூடாது. குட்டி நாய்க்கென்று செய்த ஹார்னஸும் வேண்டாம், பூனையின் நெஞ்சுக்கு அது சேராது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். வெல்க்ரோ மட்டும் உள்ளதில் முடி சேரச் சேரப் பிடிப்பு போய்விடும், பக்கிளும் இருக்கட்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் உங்கள் விரல் இரண்டு நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. லீஷ் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் போதும். பட்டனை அழுத்தினால் நீளுகிற சுருள் லீஷ் வேண்டாம். கைதவறி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் பிடி தரையில் தடதடவென்று பின்னாலேயே வரும், அந்தச் சத்தத்திலேயே பூனை மிரண்டு ஓடும்.

இப்போது உங்களிடம் இருப்பது சரியான அளவென்றால் அதிலேயே தொடங்கலாம். முதலில் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டுவையுங்கள். அதன் மேல் படுக்கட்டும், மோந்து பார்க்கட்டும். பிறகு பசி நேரத்தில் முதுகின் மேல் வைத்து, உப்பு போடாமல் வேகவைத்த கோழித் துண்டையோ டியூபில் வரும் நக்கும் ட்ரீட்டையோ கொடுங்கள், அவன் தின்று முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். அடுத்து தலையை மட்டும் நுழைப்பது. பிறகு பக்கிளைப் போட்டு உடனே கழற்றுவது. ‘டக்’ சத்தம்கூட அவனுக்குப் புதிதுதான். அவன் கண்டுகொள்ளவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள், உறைந்து நின்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். முழுதாக மாட்டியிருக்கும்போது இறகுக் குச்சியை ஆட்டிக் காட்டுங்கள். விளையாடத் தொடங்கிவிட்டால் சாய்ந்து விழுந்த கதை முடிந்தது. சில பூனைக்கு ஒரு வாரம் ஆகும், சிலவற்றுக்கு இரண்டு மாதம்.

லீஷையும் இதே மாதிரி வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். முதலில் உங்கள் கண்முன் இழுத்துக்கொண்டு திரியட்டும், பிறகு நீங்கள் பிடித்துக்கொண்டு அவன் போகிற பக்கம் போங்கள். கடைசியாக ஒரு சோதனை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்து லீஷை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். அவன் பின்வாங்குவான். பட்டை முழங்கையைத் தாண்டி முன்னால் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் அந்த ஹார்னஸோடு வாசலைத் தாண்ட வேண்டாம்.

வெளியே போகுமுன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும், பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசியும் நாள் தவறாமல் இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றான பேன்லூகோபீனியா வைரஸ், நோயுள்ள பூனை இருந்துபோன இடத்தில் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். தெள்ளு, உண்ணிக்கு பூனைக்கென்றே உள்ள மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பின்கழுத்தில் விடுங்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் கொஞ்சம் விட்டால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், உயிரே போகலாம். தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். ஹார்னஸ் கழன்றாலும் அவன் யார் வீட்டுப் பூனை என்று சொல்ல அது இருக்கும்.

எங்கே போவது? கீழே நாய்கள் இருப்பதால் உங்களுக்கு முதல் இடம் மொட்டை மாடிதான். சூரியன் ஏறுமுன் போங்கள், அல்லது தரை ஆறிய பின் சாயங்காலம். புறங்கையைத் தரையில் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூடு அவன் பாதத்துக்கும் ஆகாது. சென்னை வெயிலில் பூனை வாயைத் திறந்து இரைத்தால் ‘நாய் மாதிரி செய்கிறான்’ என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை, உடனே நிழலுக்கும் குளிர்ந்த இடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அதிலும் பெர்ஷியன் போன்ற சப்பை மூக்குப் பூனைகள் சூட்டைச் சுத்தமாகத் தாங்காது. மாடியில் இன்னொரு ஆபத்து கைப்பிடிச் சுவர். ஒரே தாவில் ஏறிவிடுவான். அந்தப் பக்கம் விழுந்தால் லீஷிலேயே தொங்குவான். சுவரை எட்டாத தூரத்தில் மாடி நடுவிலேயே இருங்கள். லீஷைத் தொட்டியிலோ பைப்பிலோ கட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போகாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட.

வீட்டு வாசலை அவன் தன் காலால் தாண்டக் கூடாது. உள்ளேயே ஹார்னஸை மாட்டி, கேரியரில் (பூனையைத் தூக்கிப்போகும் பெட்டியில்) வைத்து, மாடிக்குப் போனதும் திறந்துவிடுங்கள். வாசல் வழியே நடந்து போகக் கற்றுக்கொண்ட பூனை, பால்காரருக்குக் கதவைத் திறக்கும்போது கால் இடுக்கில் புகுந்து ஓடிவிடும். கேரியர் அங்கேயே திறந்தபடி இருக்கட்டும், பயந்தால் ஒளிய அவனுக்கென்று ஓர் இடம் வேண்டும். முதல் நாள் அதைவிட்டு வெளியே வராமலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே போதும், வெளியே இழுக்காதீர்கள்.

நடை என்று பெயரே தவிர, பெரும்பாலும் நிற்பீர்கள். ஒரு மூலையைக் கால்மணி நேரம் மோந்துகொண்டிருப்பான். அவனுக்கு அதுதான் ஊர் சுற்றுவது. லீஷ் தொய்வாக இருக்கட்டும். வால் உயர்ந்து காதுகள் முன்னால் திரும்பியிருந்தால் நன்றாக இருக்கிறான். காது பக்கவாட்டில் படிந்து, கண்மணி விரிந்து, வயிறு தரையோடு தாழ்ந்தால் அன்றைக்குப் போதும்.

மாடி நன்றாகப் பழகிய பின் கீழே தோட்டத்துக்குப் போக விரும்பினால், துணைக்கு ஓர் ஆளோடு, நாய்கள் வராத மூலைக்குப் போங்கள். அங்கே என்ன செடி இருக்கிறது என்று முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். அரளி, செங்காந்தள், அழகுக்கு வைக்கிற சைக்கஸ் மூன்றும் கடும் விஷம். லில்லி வகைகளில் சிலவற்றின் மகரந்தம் உடம்பில் ஒட்டி, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும். நாய் வந்தால் ஓடாதீர்கள். துணைக்கு வந்தவர் நடுவில் நிற்க, நீங்கள் கேரியரைத் திறந்து அவன் முன் வையுங்கள். தூக்கத்தான் வேண்டுமென்றால் தடித்த துண்டைப் போட்டுச் சுருட்டித் தூக்குங்கள். மிரண்ட பூனை வளர்த்த கையையே கிழிக்கும், தப்பு அதன் மேல் இல்லை. பல் பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பூனைக் கடி சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். நாய்கள் தோட்டத்துக்குள் தினமும் வரும் என்றால் மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வந்ததும் காதுமடல், கழுத்து, விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹார்னஸைக் கழற்றிச் சாப்பாடு வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் போங்கள். கதவருகே கத்தும்போது மட்டும் கூட்டிப்போகாதீர்கள், கத்தினால் கதவு திறக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதிகாலை மூன்று மணிக்கும் கத்துவான்.

எல்லாம் செய்தும் ஒருநாள் உருவிக்கொண்டு போய்விட்டால் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் தூரம் போவான். உள்ளேயே வளர்ந்த பூனை பெரும்பாலும் பக்கத்திலேயேதான் பதுங்கியிருக்கும். கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. கார்களுக்கு அடியில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே தேடுங்கள். ஊர் அடங்கிய பின் டார்ச்சோடு மறுபடி போங்கள், வெளிச்சத்தில் அவன் கண் மின்னும். அவன் ட்ரீட் டப்பாவைக் குலுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து காத்திருங்கள். வாட்ச்மேனிடமும் சொல்லிவையுங்கள், பார்த்தால் பிடிக்க வேண்டாம், உங்களுக்குப் போன் செய்தால் போதும் என்று.